தேர்வுக்கு முந்தைய இரவைத் தாங்கும் சர்வர்

"மாசத்துக்கு எத்தனை விசிட்டர்?" ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்கச் சர்வரில் இடம், விற்கிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். எங்கள் தளத்துக்குப் புது இடம் தேடிய காலத்தில் எனக்கு எந்த வகையிலும் உதவாத கேள்வியும் இதுதான்.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தமிழ்ப் பயிற்சித்தாள்கள், கேட்டல் கருத்தறிதலுக்கான ஒலிப்பதிவுகள், வாய்மொழித் தேர்வுக்கான படங்கள், இவைதான் எங்கள் தளத்தில் இருப்பவை. ஒரு தோழியும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் புழங்குகிறது, பிள்ளைக்குத் தமிழில் என்ன சொல்லித் தருவது என்று தவிக்கிற பெற்றோர் இங்கே நிறைய. அவர்களுக்காகத் தொடங்கியது, வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக மலேசியாவின் ஜொகூர், சென்னை, கோவை என்று பரவிவிட்டது. பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் சில ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது.

தொல்லை வந்தது ஆகஸ்டில், பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவில். பக்கம் திறக்காமல் 508 என்ற பிழை. "சிஸ்டர், ஓப்பனே ஆகல. நாளைக்குப் பிள்ளைக்கு ஓரல்" என்று ஒரு அம்மா அனுப்பிய செய்தியைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. ஆண்டு முழுக்க வேலை செய்துவிட்டு அந்த ஓர் இரவில் படுத்துவிட்டால், அந்தத் தளம் இருந்து என்ன பயன்?

508 என்றால், உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய வள அளவு தீர்ந்துவிட்டது என்று பொருள். நாங்கள் வாங்கியிருந்த திட்டத்தின் பெயரிலேயே 'அன்லிமிடெட்' இருந்தது. அது வட்டு இடத்துக்கும் பேண்ட்வித்துக்கும் (போய்வரும் தரவின் அளவு) மட்டும். ஒரே சமயத்தில் எத்தனை கோரிக்கைகளைச் சர்வர் கையில் எடுக்கும் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. எங்களுக்கு அது 20. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரை நொடி ஆனால் நொடிக்கு 40 பக்கம் தரலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் கூடக்கூட சிபியூ பங்குபோடப்பட்டு அதே பக்கத்துக்கு 4 நொடி ஆகும். அப்போது நொடிக்கு 5 பக்கம்தான். அதற்கு மேல் வருகிறவர்களுக்கெல்லாம் 508.

மாதக் கணக்கு ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. மாதம் 3 லட்சம் பக்கப் பார்வை என்பதைச் சீராகப் பிரித்தால் 8 அல்லது 9 நொடிக்கு ஒரு பார்வைதான் வரும். பழைய கைப்பேசிகூட அதைச் சமாளிக்கும். ஆனால் பெற்றோர் வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பது இரவு 8 மணிக்கு மேல். எல்லாரும் ஒன்றாக வருகிறார்கள்.

என் கணவரின் ஊர்க்காரத் தம்பி ஒருவர் இங்கே தரவு மையத்தில் வேலை பார்க்கிறார். அவரிடம் நான்கைந்து திட்டங்களின் விலைப்பட்டியலைக் காட்டினேன். "அக்கா, பிளான் எதையும் இப்பப் பாக்காதீங்க. முதல்ல ஆக்சஸ் லாகை எடுங்க" என்றார். ஹோஸ்டிங் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே மதிப்புள்ளது இது.

யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் அந்த லாகைப் பிரித்துப் பார்த்ததில், வந்த கோரிக்கைகளில் பெரும்பங்கு மனிதர்களுடையதே இல்லை. எங்கள் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் லாகின் பக்கத்தையும், வெளி நிரல்கள் அதனுடன் பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையும் கடவுச்சொல் தேடி ஓயாமல் தட்டும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஒரு பக்கம், தேடுபொறிகள் ஒரு பக்கம். அடுத்து, வேர்ட்பிரஸின் நேர அட்டவணை வேலைகள். யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் அவை கிளம்பும். ஆகவே கூட்டம் உள்ள நேரத்திலேயே கூடுதல் சுமை. இரண்டையும் எந்த ஹோஸ்டிங்கில் இருந்தாலும் சரிசெய்யலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பதிவிறக்கம். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுவதற்காக ஒரு பிளகின் (கூடுதல் நிரல்) வைத்திருந்தோம். அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு பிடிஎஃப்பும் ஒலிக்கோப்பும் பதிவிறக்கம் முடியும்வரை பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பி நிரலின் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எம்ஆர்டி ரயிலில் மெதுவான இணைப்பில் ஒருவர் 5 எம்பி ஒலிக்கோப்பு எடுத்தால், அந்த 20 இடங்களில் ஒன்று அவருக்கே 10 நொடிக்குப் போய்விடும். இரண்டு பேருந்து நிறைய பெற்றோர் போதும், தளம் நின்றுவிட. இதைக் கண்டபிறகு தேடலே மாறிவிட்டது. 'பெரிய சர்வர் எது' என்று கேட்பதை விட்டுவிட்டு, கோப்புகளை எங்கே வைப்பது, பக்கங்களை எங்கே வைப்பது என்று தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் கோப்புகள். இங்கே கவனிக்கவேண்டியது தரவு வெளியே போவதற்கான கட்டணம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் மேகச் சேவையில், நான் பார்த்தபோது, சிங்கப்பூரிலிருந்து இணையத்துக்கு அனுப்பும் தரவுக்கு முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஒரு ஜிபிக்கு 12 அமெரிக்கக் காசு. அமெரிக்க மையங்களில் இது 9 காசு. தேர்வு மாதத்தில் 1,000 ஜிபி போனால் இதற்கு மட்டும் 108 அமெரிக்க டாலர்! விளம்பரமே போடாத ஒரு பயிற்சித்தாள் தளத்துக்கு இது கட்டுப்படியாகாது. க்ளவுட்ஃபிளேரின் ஆர்2 சேமிப்பில் வெளியே போகும் தரவுக்குக் கட்டணமே இல்லை. சேமிக்கும் இடத்துக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கும்தான் பணம். பிடிஎஃப், ஒலி, படம் எல்லாம் அங்கே போயின. எண்ணிக்கை வேண்டுமென்றால் அங்குள்ள புள்ளிவிவரங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய்ததுமே சர்வரின் சுமை பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

அப்புறம் பக்கங்கள். சர்வர் எந்த ஊரில் இருக்கவேண்டும்? அமெரிக்காவில் விலை குறைவு என்பதால் பலர் அங்கே வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிநொடி. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தி, பக்கத்தின் முதல் எழுத்து வந்துசேர வழக்கமாக 3 முறை போய்வரவேண்டும். ஆக, சர்வர் சும்மா இருந்தாலும் ஏறக்குறைய அரை நொடி போச்சு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் இருக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. எங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும், மிச்சம் தமிழ்நாட்டில். சர்வர் சிங்கப்பூரில்தான் என்று முடிவாயிற்று.

இங்கே விலை கொஞ்சம் கூடத்தான். நிலமும் மின்சாரமும் அப்படி. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு அரசாங்கம் அனுமதி தருவதை நிறுத்திவைத்திருந்தது. ஆனாலும் சிறிய தளங்களுக்கான விபிஎஸ் (ஒரு பெரிய இயந்திரத்தில் நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) விலையில் அந்தப் பாரம் பெரிதாகத் தெரியவில்லை. டிஜிட்டல் ஓஷன், லினோட், வல்டர் மூன்றுக்கும் இங்கே சர்வர் இருக்கிறது, பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டிச் சோதிக்கலாம். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட, சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்துச் சோதித்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஒரே அளவிலான சர்வர்களை வெவ்வேறு நிறுவனங்களில் எடுத்து, தளத்தின் நகலை ஏற்றி, கே6 என்ற கருவியால் செயற்கையாகக் கூட்டத்தை அனுப்பினேன். அனுப்பியது மாலை நேரத்தில், ஏனென்றால் பக்கத்து வாடகைக்காரர்களும் அப்போதுதான் பரபரப்பாக இருப்பார்கள். டாப் என்ற கட்டளையில் 'ஸ்டீல்' என்று ஓர் எண் வரும். நமக்கான சிபியூ நேரத்தை அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டும் எண் அது. ஓர் இடத்தில் அது அடிக்கடி இரட்டை இலக்கத்தைத் தொட்டது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

சோதனையில் மனம் நிறைந்த பகுதி கேஷ். எங்கள் பக்கங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருமுறை தயாரித்த பக்கத்தை என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் பத்து நிமிடம் வைத்திருந்து கொடுத்தால் பிஎச்பிக்கு வேலையே இல்லை. 4 ஜிபி நினைவகமும் 2 சிபியூவும் உள்ள சர்வர், நான் அனுப்பிய கூட்டத்தைச் சாதாரணமாகத் தாங்கியது. கேஷை நிறுத்தினால் அதே சர்வர் சில நிமிடத்தில் திணறியது. தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பல ஊர்களிலிருந்து நகல்களைத் தரும் சேவை) போட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் அப்படி ஒன்றான க்ளவுட்ஃபிளேர், படங்கள், ஸ்கிரிப்டுகள் போன்ற மாறாத கோப்புகளைத்தான் தானாகக் கேஷ் செய்யும். எச்டிஎம்எல் பக்கங்களுக்கு நாம்தான் விதி எழுதவேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இரண்டு சோதனைகளையும் விடாமல் செய்யுங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே சர்வரில் தரவைச் சுருக்கி அனுப்பும் வசதி இயங்குகிறதா என்று பார்ப்பது நமக்கு இன்னும் முக்கியம். இரண்டாவது, பக்க முகவரிகள். தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்குத் தருவதோ மொத்தம் 200 எழுத்துதான். பழைய முகவரிகள் வெட்டுப்பட்ட நிலையிலேயே பகிரப்பட்டிருக்கும். புதிய சர்வரில் அவையும் அப்படியே திறக்கவேண்டும். டேட்டாபேஸை ஏற்றும்போது எழுத்துக்குறியீட்டு முறை மாறிவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். சோதனை நகலிலேயே நீண்ட தலைப்புகளைத் திறந்து பார்த்தோம்.

மேனேஜ்டா (நிறுவனமே சர்வரைப் பராமரிப்பது), நாமே பார்த்துக்கொள்வதா என்பதில் தோழிக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. "ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஆனா யாருடி எழுந்து பாக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மேனேஜ்டு விலை எங்கள் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் வந்தது. நாங்களே பார்த்துக்கொள்வது என்றும், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி வைப்பது என்றும், தேர்வு வாரங்களில் தம்பி கூடவே கண்காணிப்பது என்றும் பேசி முடித்தோம். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் மேனேஜ்டுதான் சரி.

சர்வர் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்ற உத்தரவாதத்துக்கு மயங்கவேண்டாம். மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று அதற்கு அர்த்தம். அதைத் தாண்டினாலும் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் சிறு கழிவு. 2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம் அயன் பேட்டரிகள் தீப்பற்றி, பல நிறுவனங்களின் சேவைகள் நாள்கணக்கில் பாதிக்கப்பட்டன. அதனால் எங்கள் பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு நாட்டில் இருக்கிறது. அதிலிருந்து முழுத் தளத்தையும் திரும்ப எழுப்பிப் பார்த்த பிறகுதான் பழைய ஹோஸ்டிங்குக்கு முற்றுப்புள்ளி வைத்தோம்.

பெற்றோரின் மின்னஞ்சல்கள் எங்களிடம் இருப்பதால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் எங்களுக்குப் பொருந்தும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அறிவிக்கவேண்டிய கசிவு என்று உறுதியானதும் 3 நாளுக்குள் ஆணையத்திடம் சொல்லவேண்டும். பேக்கப்பை மறையாக்கம் செய்துதான் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

மாற்றத்தை டிசம்பர் விடுமுறையில் செய்தோம். டிஎன்எஸ் காலத்தை (தளத்தின் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முன்கூட்டியே 300 நொடியாகக் குறைத்து, பழைய சர்வரையும் சில வாரம் ஓடவிட்டு, அமைதியாக மாறியது. அடுத்த ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய இரவு, தம்பியும் தோழியும் நானும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிபியூ பாதியைக்கூடத் தொடவில்லை. செலவு எல்லாம் சேர்த்து, ஜிஎஸ்டி உட்பட, மாதம் 50 வெள்ளிக்குள் வருகிறது.

இப்போது பிள்ளைகள் உள்நுழைந்து செய்யும் வினாவிடைப் பகுதியைச் சேர்க்கிறோம். அது ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும் என்பதால் கேஷ் அதற்குக் கைகொடுக்காது. மறுபடியும் கே6, மறுபடியும் லாக். டேட்டாபேஸைத் தனிச் சர்வருக்குப் பிரிக்கவேண்டியிருக்கும் என்கிறார் தம்பி.