மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: வீட்டில் பேசியதும் போட்டுக்கொண்டதும்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த பிறகு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டோம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது. ஊசி போடுவது ஒரு நிமிட வேலைதான். அதற்கு முன்னால் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியிருந்ததுதான் அதிகம். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த ஊசியைப் பற்றி எனக்குத் தெரியவந்ததே என் பெரியம்மாவால்தான். மாதவிடாய் நின்று பல வருடம் ஆன பிறகு அவருக்கு மறுபடி இரத்தம் பட்டிருக்கிறது. "இந்த வயசுல இதைப் போயி யார்கிட்ட சொல்றது" என்று மறைத்தே வைத்திருந்தார். இடுப்பு வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பக்கத்து உறுப்புகளுக்கும் பரவியிருந்தது. கதிர்வீச்சு சிகிச்சைக்குத் துணையாக நானும் போய்வந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா, பெரியம்மாவின் ஃபைலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "வீட்ல பொம்பளைப் பிள்ளை இருக்கா? இதுக்குத் தடுப்பூசி இருக்கும்மா, போட்டுவிட்டுடுங்க." புற்றுநோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பெரியம்மா அடுத்த வருடம் போய்விட்டார்.

அதன் பிறகு தேடித்தேடிப் படித்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அந்த வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலகில் வரும் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. எண்பதாயிரம் பேர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். தடுக்க வழி இருக்கும் ஒரு நோயில் இத்தனை பேர் போகிறார்கள் என்பதை இன்னும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சரி, ஊசி போடலாம் என்று ஊரில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். "இப்ப என்ன அவசரம், கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் விஷயம் நேர் எதிர். இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் மூலம் தொற்றுவது. ஏற்கெனவே உடம்பில் நுழைந்துவிட்ட வைரஸை இந்த ஊசி ஒன்றும் செய்யாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். அந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியையும் நன்றாக உண்டாக்குகிறது, இரண்டு டோஸே போதும். பதினைந்து வயது ஆகிவிட்டால் இங்கே மூன்று டோஸ் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. வயது தள்ளிப்போகப் போகப் பலன் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

பிறகு, மகளுக்குச் சின்ன வயதிலிருந்து ஊசி போடும் குழந்தை மருத்துவரிடமே போனோம். அவர் இரண்டு வகை ஊசிகளைச் சொன்னார். ஒன்று வெளிநாட்டுத் தயாரிப்பான கார்டசில் 9, ஒன்பது வகை வைரஸைத் தடுப்பது, விலை கூட. இன்னொன்று புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், 2023-இல் வந்தது. 16, 18 இரண்டோடு, மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகளையும் தடுக்கும். டோஸ் இரண்டாயிரம் ரூபாய் அளவில் வந்தது. எங்கள் கைக்கு எட்டியது அதுதான். மிக ஆபத்தான இரண்டு வகைகளும் அதில் அடங்கிவிடுகின்றன என்பதால் மனதில் குறையில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, என் மாமியார், பதறிவிட்டார். "வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கர்ப்பப்பையில ஊசியா? நாளைக்கு ஒரு பிள்ளை உண்டாகலைன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். ஊசியைக் கர்ப்பப்பையில் குத்துவார்கள் என்றே நினைத்திருக்கிறார். கையில்தான் போடுவார்கள் அத்தை, போலியோ மாதிரி இதுவும் ஒரு தடுப்பூசி என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். டாக்டர் எனக்குச் சொன்னதையே சொன்னேன்: வைரஸின் வெளிக்கூட்டை மட்டும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் செய்து எடுக்கிறார்கள்; உள்ளே வைரஸின் மரபணு கிடையாது, அதனால் நோயை உண்டாக்கவே முடியாது; அந்தக் கூட்டைப் பார்த்து நம் உடம்பு அடையாளம் பிடித்துவைத்துக்கொள்ளும். "அப்ப வெறுங் கொட்டாங்கச்சி மாதிரின்னு சொல்லு" என்றார். ஆமாம் என்றேன். பிள்ளைப்பேறுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் இந்தப் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்தான் கர்ப்பப்பையை எடுத்துவிடும் என்றேன். பெரியம்மாவை அவரும் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் கணவருக்கு வந்த தயக்கம் வேறு. அவருக்கு யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்தியை அனுப்பியிருந்தார்கள். 2009-இல் அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். அதில் ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள் என்று. அது நடந்த விஷயம்தான். விசாரணையில், பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள் தெரியவந்தன. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் இன்னொன்றும் வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமலே வார்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு எதற்கு ஊசி என்றே சொல்லவில்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நல்ல மருந்தாகவே இருந்தாலும் சொல்லாமல் போடுவது அநியாயம்.

அந்தச் சர்ச்சையால் 2010-இல் நாட்டில் எச்.பி.வி. ஊசி ஆய்வுகள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஒப்பிட அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஆய்வும் பாதியில் நின்றது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். ஒரே டோஸோடு நின்றுபோன சிறுமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிடாமல் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு டோஸே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்திருந்தது தெரிந்தது. ஒரு டோஸும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இந்தப் பிள்ளைகளும் ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்துக் காட்டியதும்தான் என் கணவர் மனம் மாறினார்.

கம்மம் செய்தியைப் படித்த பிறகு ஒன்றில் உறுதியாக இருந்தேன்: மகளுக்குச் சொல்லாமல் போடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்காரவைத்துச் சொன்னேன். பெரியம்மா பாட்டிக்கு வந்த நோய், அது எந்த இடத்தில் வருவது, அந்தக் கிருமி எப்படித் தொற்றும், எல்லாவற்றையும். ஆணும் பெண்ணும் சேர்வதால் தொற்றுவது என்று சொல்லும்போது எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் அறிவியல் பாடம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப தம்பிக்கும் போடணும்ல?" கேள்வி சரிதான். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களில் பலவற்றுக்கும் இதே வைரஸ்தான் காரணம், ஆண்களுக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் 2013-இலிருந்து பையன்களுக்கும் போடுகிறார்கள். தம்பிக்கு இன்னும் வயது வரவில்லை.

ஊசி போடும் அன்று காலையில் நன்றாகச் சாப்பிடவைத்துக் கூட்டிப்போங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயங்கி விழக்கூடும். அதனால் போட்ட பிறகு கால் மணி நேரமாவது உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள். ஈஸ்ட் ஒவ்வாமை உண்டா என்று டாக்டர் கேட்டார். குப்பியை என்னிடம் காட்டி, காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். இடது தோளுக்குக் கீழே போட்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான்மா இருந்துச்சு" என்றாள். ஆனால் ராத்திரி வலி ஏறிவிட்டது. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது கையைத் தூக்கமுடியாமல், ரிப்பனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடையை நான் பின்னிவிட்டேன். காய்ச்சல் இல்லை. அதற்கடுத்த நாள் வலியும் போய்விட்டது. இரண்டாவது டோஸுக்கு இந்த அளவு வலிகூட இல்லை.

எனக்கு வயது நாற்பது. எனக்கு ஊசியை விடப் பரிசோதனைதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிடிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். சந்தேகமான இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம். "இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா, மூச்சை விடுங்க" என்று நர்ஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிட்டார். வினிகர் வாடையும் கொஞ்சம் கூச்சமும்தான், வலி இல்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை என்பதால், என் மகளும் முப்பதுக்கு மேல் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. காசு கொடுத்துப் போட வசதி இல்லாதவர்கள் பள்ளியிலும் பக்கத்து சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். வெளியே போட்டிருந்தால், ஊசியின் பேரும் பேட்ச் எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பள்ளி முகாமில் ஏற்கெனவே போட்டாயிற்றா என்று கேட்டால் அதைக் காட்டலாம்.