பிணமாகவும் நடித்தவர்

நாகேஷ் நடித்ததில் சிறந்தது எது என்று கேட்டால் பலரும் தருமியைத்தான் சொல்வார்கள். 1965-இல் வந்த 'திருவிளையாடல்'. ஆயிரம் பொன் கிடைக்காதா என்று மண்டபத்தில் தனியாகப் புலம்பும் அந்தக் காட்சியில், எதிரே சிவாஜி வந்து நின்ற பிறகும் கண் நாகேஷை விட்டு நகர மறுக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடமும் அப்படித்தான் (அதில் பாதிப் புகழ் பாலையாவின் முகத்துக்கு).

ஆனால் என் ஓட்டு 'மகளிர் மட்டும்' படத்துக்கு. 1994-இல் வந்தது. அதில் அவர் பிணம். வசனம் இல்லை, கண் திறப்பதில்லை. இழுத்த இழுப்புக்கெல்லாம் உடல் துவண்டு சரிகிறது. அந்தத் துவளலிலேயே நகைச்சுவை இருக்கிறது. உடம்பு முழுக்கத் தாளம் தெரிந்த மனிதரால் மட்டுமே இப்படி அசையாமல் நடிக்க முடியும்.

அதே ஆண்டில் 'நம்மவர்'. மகளை இழந்த தந்தையாக வந்து நம்மைக் கலங்கடித்தார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' எல்லாம் வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு! இந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.