வசனம் கரும்பலகையோடு நின்றால் போதாது

ஏற்காட்டுப் பள்ளிகளில் நன்னெறி வகுப்பு எடுப்பவர்களுக்கு: பைபிளில் ஆதியாகமம் 2:15 சொல்லும் 'பண்படுத்தவும் காக்கவும்' என்பதற்குக் கையில் மண் ஒட்ட வேண்டும்.

மட்கு உரம் தயாரிக்க மூன்றடிக்கு மூன்றடி கம்பிவலைக் கூண்டு போதும். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறிக் கழிவு, மேலே ஒரு சட்டி பழைய சாணம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாறினால் ஈரம் கூடிக் காற்று அடைபட்டிருக்கிறது, சருகு சேருங்கள். இங்கே சருகு என்றாலே சில்வர் ஓக்தான் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து காப்பிக்கு நிழல் தருகிற மரம்). லேசில் மக்காது, நொறுக்கிப் போடணும். எண்ணெய்ச் சோறு வேண்டவே வேண்டாம், எலி வரும்.

ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் லேவியராகமம் 25:4-க்கு ஏழு பாத்தி போட்டு, ஒன்றைத் தரிசாக விடலாம். 'இது ஏன் சும்மா கிடக்கு?' என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஆனால் அதில் சருகு மூடாக்குப் போட மறக்காதீர்கள். சரிவு நிலத்தில் வெறும் மண்ணை விட்டால் ஒரு பெருமழையிலேயே மேல்மண் இறங்கிவிடும்.