பெங்களூரு ஊர்ப்பெயர் நோட்டு: ஏழாவது மாதம்

சென்ற ஆடி மாதம் தொடங்கிய ஊர்ப்பெயர் நோட்டு இந்த வாரத்தோடு ஏழு மாதங்களைக் கடந்திருக்கிறது. இதுவரை 31 பெயர்கள் ஏறியுள்ளன. இடப்பக்கத்தில் அந்த ஊரைப் பற்றி மக்கள் சொல்லும் கதையையும், வலப்பக்கத்தில் கல்லிலோ ஏட்டிலோ கிடைக்கும் சான்றையும் எழுதுவது என்பது நான் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. 31 பெயர்களில் வலப்பக்கம் நிரம்பியவை 9 மட்டுமே. இடப்பக்கமோ எல்லாவற்றுக்கும் ஓரம் வரை நிரம்பி வழிகிறது.

கன்னட எழுத்துப் பழகுவதற்காகப் பேருந்துப் பலகைகளைப் படிக்கத் தொடங்கியதுதான் இதற்கு வித்து. 2014 நவம்பர் 1 அன்று கர்நாடகத்தின் 12 நகரங்களுக்குக் கன்னட வழக்கிலேயே பெயர் திருத்தப்பட்டபோது, பெல்காம் பெளகாவி ஆயிற்று, குல்பர்கா கலபுரகி ஆயிற்று. நம் வாயில் என்றும் பெங்களூராகவே இருந்த ஊருக்கு ஓர் உகரம் மட்டும் கூடியது. அந்தப் பெயருக்குப் பொருள் கேட்டால் ஒரே கதைதான் கிடைக்கும். வேட்டையில் வழி தவறிய வீர பல்லாள மன்னருக்கு ஒரு மூதாட்டி வெந்த பயறு கொடுத்தாளாம். அதனால் ‘பெந்த காளு ஊரு’ என்று பெயர் வந்ததாம். முதல் பதிவாக இதைத்தான் எழுதினேன். ஆனால் வலப்பக்கத்தில், பேகூர் கோயில் வளாகத்திலுள்ள, ஏறத்தாழ பொ.ஆ. 890ஐச் சேர்ந்த நடுகல்லைக் குறிக்க நேர்ந்ததும் கதை ஆட்டம் கண்டது. கங்கர் காலத்துப் பழங்கன்னடத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல் ‘பெங்களூரு’ச் சண்டையில் இறந்தவனைச் சொல்கிறது. போசள (ஹொய்சள) மன்னரான பல்லாளர் அந்த மூதாட்டியின் வீட்டுக்கு வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. கதையை நான் அடிக்கவில்லை. இடப்பக்கம் அதற்குரிய இடம்.

இரண்டாம் மாதத்தில் வேகம் கூடியது, பிழையும் கூடியது. மடிவாளா என்ற பெயரைக் கண்டதும் ‘மடி’, ‘வாழ்’ என்று பிரித்து, அரைப்பக்கத்துக்கு ஒரு விளக்கமும் எழுதிவிட்டேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சார், மடிவாள என்றால் துணி வெளுப்பவர். உங்கள் வீட்டிலும் மடித்துணி என்று சொல்வீர்கள் அல்லவா, அதே மடிதான்” என்றார். காதில் தமிழாக விழுவதையெல்லாம் தமிழாகப் பிரிக்கக் கூடாது என்று அன்றைக்கே நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக அவர் மூன்று சாவிகளைக் கொடுத்தார். தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் இன்றைய கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன: பால் ஹாலு, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி. தமிழில் வகரம் நிற்கும் இடத்தில் அங்கே நம் ‘பெங்களூர்’ ஒலிக்கும் பகரம் நிற்கும்: வேம்பு அங்கே பேவு. நம் சகரம் சில சொற்களில் ககரமாக இருக்கும்: செவி கிவி, செம்மை கெம்பு. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பலகைகளைப் படித்தபோது, ஹலசூரு என்பது பலாவூராகத் தெரிந்தது. ஹலசு என்றால் பலாதான். திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் மாரத்தஹள்ளியின் ஹள்ளியும் பங்காளிகள் என்று தெரிந்த நாளில், அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றது கூடப் பெரிதாக உறைக்கவில்லை.

ஹெப்பாளத்துக்கு வலப்பக்கம் அழகாக அமைந்தது. 2018இல் வடிகால் தோண்டும்போது அங்கே வெளிப்பட்ட, ஏறத்தாழ பொ.ஆ. 750ஐச் சேர்ந்த கிட்டய்யா நடுகல் ‘பெர்பொளல் நாடு’ என்று அந்தப் பகுதியைக் குறிக்கிறது. பெர் என்றால் பெரிய. பொளல் என்றால் பழங்கன்னடத்தில் ஊர். பகரம் ஹகரமாக மாறிய பின் கிடைத்த எச்சம்தான் இன்றைய மேம்பாலத்துப் பெயர். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் போர்க்காட்சி செதுக்கிய பேகூர்க் கல் ஒன்று நிற்கிறது; அதில் ‘பெம்பூர்’ என்பதைச் சேர்ந்த பன்னிரண்டு ஊர்களின் கொடை பதிவாகியுள்ளது. அந்தப் பெம்பூர்தான் பேகூர். தமிழ்க் கல்வெட்டில் அதுவே வேப்பூர்.

தமிழ்க் கல்வெட்டு என்றதும் வியப்பவர்கள் உண்டு, நானும் வியந்தவன்தான். பெங்களூரில் பிறந்த பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியைத் திறந்தால் பெங்களூரு வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் வரிசையாக வருகின்றன. தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலில் அந்த ஊர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கப்படுகிறது. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களுக்கு நடுவே அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மடிவாளா சோமேசுவரர் கோயிலுக்கு மட்டும் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை உச்சிவெயில். சுவரில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. இரண்டாம் முறை மாலை மங்கியபின், கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தபோது ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து வந்தன. புள்ளி கிடையாது, எகர ஒகரங்களில் நெடில் குறில் வேறுபாடு கிடையாது, இடையிடையே கிரந்தம். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, “என்ன அண்ணா, சுவத்துல எதைத் தேடுறீங்க?” என்று தமிழிலேயே கேட்டார். “இது தமிழ் எழுத்தும்மா” என்றேன். “நான் முப்பது வருஷமா இதுல சாஞ்சுதான் பூக் கட்டுறேன்” என்றவர், எழுந்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். பொ.ஆ. 1247ஐச் சேர்ந்த இங்குள்ள கல்வெட்டொன்று, வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வெங்களூர்! ஆசிரியர் கொடுத்த இரண்டாம் சாவி கல்லிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வேறொரு கோயிலில் இதே வேலையைச் செய்யப் போய் ஏமாந்தேன். எழுத்துகளின் மேல் எண்ணெய் வர்ணம் அடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

ஹலசூரில் இருக்கும் என் மனைவியின் மாமா கண்டோன்மெண்டை இன்னும் ‘தண்டு’ என்றுதான் சொல்வார். 1809இல் ஆங்கிலேயப் படை இங்கே பாசறை அமைத்தபின் அதைச் சார்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தண்டு என்றால் படை. கன்னடத்திலும் அதுவே, ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலும் அதுவே. மல்லேசுவரத்துக்கு ஒரே வரி: காடு மல்லேசுவரர் கோயிலுக்குக் கொடை தந்த மராட்டிய ஏகோஜிதான் பின்னர் தஞ்சைக்கு வந்து ஆட்சி அமைத்தார்.

இந்த மாதத்துப் பதிவு தாவரெகெரெ. மூன்றாம் பல்லாளன் காலத்து மடிவாளாக் கல்வெட்டில் அதன் பெயர் தமிழில் வருகிறது. நான் தாமரைக்கரை என்று எதிர்பார்த்தேன், சுவரிலும் அப்படியே படித்தேன், நோட்டிலும் அப்படியே எழுதினேன். வீட்டுக்கு வந்து அச்சுத்தொகுதியோடு ஒப்பிட்டபோது அங்கே ‘தாமரைக்கிறை’ என்றிருந்தது. மூன்றாம் முறை போய் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். ககரத்தின் தலையில் மெல்லிய சுழி ஒன்று இருந்தது. கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி. நீரை அடைத்து நிறுத்தும் சிறை என்ற நம் சொல்லுக்கு உறவு. தாவரெயைத் தாமரையாக மாற்றி எழுதிய கை, கெரெயைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடியே விட்டுவைத்திருக்கிறது. ‘கரை’யை அடித்து மேலே ‘கிறை’ என்று எழுதி, தேதியும் போட்டுவிட்டேன். ஆசிரியரிடம் இன்னும் காட்டவில்லை. அவர் மைசூரிலிருந்து புதன்கிழமை திரும்புகிறார்.