அனுசரணையும் உபயமும்

“அனுசரணைன்னா என்னங்க தம்பி?”

சத்தியமங்கலத்து உரக்கடைக்காரர் எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது. 1998 ஆடி மாதம். எனக்கு 19 வயது. பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமின் கரப்பந்தாட்டக் குழுவுக்காக நாங்கள் மூன்று பேர் சைக்கிள் மிதித்துப் போயிருந்தோம். எங்கள் ஊரான மன்னாரில் விளையாட்டுக் கழகத்துக்குக் கடைக்காரர்கள் கொடுப்பதற்குப் பெயர் அனுசரணை. அதே சொல்லைப் போட்டு, ‘பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று முடித்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தோம். இங்கே அனுசரணை என்றால் ஒத்துப் போவது, தட்டிக் கொடுப்பது. கரப்பந்தாட்டமும் அவருக்குப் புரியவில்லை. வாலிபால் என்று சொன்ன பிறகுதான் “அட, அப்படிச் சொல்லுங்க” என்றார். காசு கொடுக்கவில்லை. “வாய்க்கால்ல தண்ணி வரட்டுமுங்க, பார்க்கலாம்” என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்துத் திரும்பி வந்தோம்.

1990-ல் சண்டை மறுபடி தொடங்கியதும் படகேறி இராமேஸ்வரம் வந்தவர்கள் நாங்கள். மண்டபத்தில் பதிந்து, அங்கிருந்து பவானிசாகருக்கு அனுப்பினார்கள். கடற்கரையில் வளர்ந்த எனக்கு அணை நீர் பெரிய ஆறுதலாக இருந்தது. கரப்பந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. எங்கள் ஊரில் ஆறு பேர் சேர்ந்தால் போதும், கயிறு கட்டி ஆடத் தொடங்கிவிடுவார்கள். முகாமில் முதல் வலையை அப்பாதான் முடைந்தார். மீன்வலை முடையும் அதே ஊசி, அதே நைலான் நூல். கண் மட்டும் பத்து சென்டிமீட்டர் வரவேண்டும் என்று ஒரு மரத்துண்டை அளவாகச் சீவி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். மூன்று இரவு, மண்ணெண்ணெய் விளக்கில். வலை அப்படி வந்துவிட்டது. பந்து வரவில்லை. நல்ல பந்து ஒன்றுக்கு மூன்று நாள் பெயிண்டிங் கூலி போய்விடும்.

அந்த ஆடியில் நாங்கள் ஏறாத கடை இல்லை. ‘கேம்ப்’ என்றதும் முகம் மாறிய கடைகள் உண்டு. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எங்கள் மேல் விழுந்த சந்தேகப் பார்வை அவ்வளவு சீக்கிரம் விலகவில்லை. அது கூடப் பரவாயில்லை. ஒரு கடையில், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து மேசையில் வைத்து, “போயிட்டு வாங்க” என்றார்கள். அந்த நாணயத்தை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் மூவரும் நின்றோம். கெட்ட எண்ணத்தோடு கொடுத்ததில்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு வலித்தது. நாங்கள் பிச்சைக்குப் போகவில்லை. எங்கள் சட்டையில் அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடத்தான் போனோம். அதைச் சொல்வதற்கு அந்த ஊர்ச் சொல் எங்களிடம் இல்லை.

சொல் கிடைத்தது மாரியம்மன் கோயிலில். பக்கத்து ஊர்க் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். மணியில் ஒரு பெயர், கடிகாரத்தில் ஒரு பெயர், டியூப் லைட்டில், சிமெண்ட் பெஞ்சில், தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொரு பெயர். எல்லாவற்றுக்கும் கீழே ‘உபயம்’. சுவரை அடித்து முடிக்கும் வரை அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் காசு கொடுக்க யோசிக்கும் மனிதர், ஒரு பொருளைத் தாராளமாகக் கொடுக்கிறார். பொருளோடு அவர் குடும்பத்தின் பெயரும் நிற்கிறது. ஊர் ஊராக ஒட்டும் மின்னொளிக் கைப்பந்துப் போட்டி நோட்டீசிலும் அப்படித்தானே, முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார் என்று வரிசையாக இருக்கும்!

கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். வேண்டிய பொருள்களை விலையோடு போட்டோம்: பந்து இரண்டு, வலைக் கம்பத்துக்கு இரும்புக் குழாய் இரண்டு, பனியன் பன்னிரண்டு. யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதோடு இன்னொன்றும் சேர்த்தோம். எங்கள் குழுவில் பாதிப் பேர் பெயிண்டர்கள். பொருள் கொடுக்கும் கடைக்குப் பெயர்ப் பலகையோ சுவர் விளம்பரமோ நாங்களே எழுதித் தருவோம். பெயிண்ட் செலவு மட்டும் அவர்களுடையது.

ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். நாற்றங்கால் வேலை தொடங்கியது, உரக்கடையில் கூட்டம் நின்றது. அவர் அன்றைக்குச் சொன்னது சாக்குப்போக்கு இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கொங்கு நாட்டில் எப்போது கேட்பது என்பதுதான் பாதி விஷயம். வாய்க்கால் திறந்து பத்து நாள் கழித்து உரக்கடை. தீபாவளி முடிந்த வாரம் ஜவுளிக்கடை. பங்குனியில் போகவே கூடாது. பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் என்கிற தீமிதிக்கும் உள்ளூர்த் திருவிழாக்களுக்கும் ஏற்கெனவே கொடுத்துக் களைத்திருப்பார்கள்.

மறுபடியும் போனபோது அவர் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். “இந்தக் குழாய் நம்முளுதுங்க” என்றார். அவ்வளவுதான். எதிர்க்கடை இரும்புக்காரரிடம் அவரே விலை பேசி முடித்தார். ஊன்றின கம்பத்தில் மஞ்சள் அடித்து, நீலத்தில் அவர் கடைப் பெயரை நான்தான் எழுதினேன். பனியனை ஓர் அரிசி ஆலைக்காரர் ஏற்றார். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்கி, எண்களை நாங்களே ஸ்டென்சில் வெட்டி அடித்தோம். எண் 7-ல் கொஞ்சம் கசிந்திருந்தது. அதை நான் போட்டுக்கொண்டேன்.

முகாமில் பதிவு செய்த சங்கமோ வங்கிக் கணக்கோ எங்களுக்கு இல்லை, ரசீதுப் புத்தகமும் அச்சடிக்க முடியாது. ஊரில் கழகக் கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவை வாசிப்பது எனக்கு நினைவிருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வாங்கியது, கொடுத்தவர், பில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டினோம். போட்டி முடிந்த மறுநாள் கொடுத்தவர்கள் எல்லாரிடமும் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டாவது சுற்றிலேயே தோற்றுவிட்டோம் என்பதையும் சொன்னோம். உரக்கடைக்காரர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு யார் யாரைப் பார்க்கவேண்டும் என்று ஐந்து பெயர் சொன்னார். “நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி.”

2021-ல் முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே உரக்கடைக்காரர் காலமாகிவிட்டார். மஞ்சள் கம்பம் இருக்கிறது, எழுத்தை இரண்டு முறை புதுப்பித்தேன். இப்போது என் மகன் ஆடுகிறான். இந்த வருடம் பையன்கள் போட்டி வேலையில் சுணங்கிவிட்டார்கள். போன வாரம் கடையிலிருந்து போன். எடுத்தால் அவருடைய மகன்.

“ஏனுங்ணா, வாய்க்கால்ல தண்ணி விட்டு மாசம் ஆச்சு. அனுசரணைக்கு இன்னும் யாருமே வரலீங்களே?”