“அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏம்மா கொடுத்தீங்க?”

சார் இப்படிக் கேட்டதும், “அவங்ககிட்ட டாக்டர் சீட்டு இருக்கு சார், உங்ககிட்ட இல்லையே” என்றேன். மெடிக்கல் ஷாப்பில் நிற்கிற யாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பதிலில் தப்பில்லை. ஆனாலும் அது மனதில் நின்றுகொண்டே இருக்கிறது.

சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதைத் தாண்டியவர். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசினும் டுடாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரையை மாதாமாதம் எங்களிடம்தான் வாங்குவார். அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு, மஞ்சப்பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார். டெக்சாஸில் இருக்கும் மகள் கொண்டுவந்தது. டிஹெச்இஏ என்கிற ஹார்மோன் மாத்திரை, 50 மில்லிகிராம். “தீரப் போகுதும்மா, இங்க கிடைக்குமா?” என்றார். அதே பெயர் போட்ட 25 மில்லிகிராம் அட்டையை அப்போதுதான் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். வாத்தியார் கண், தப்பவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் இளமை, தெம்பு என்று பெரிய எழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் எச்சரிக்கை: ஹார்மோன் சார்ந்த புற்றுநோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் எடுக்கக்கூடாது. சார் அதைப் படித்திருக்கவில்லை. அந்த எழுத்தை அந்த வயதில் யாராலும் படிக்க முடியாது.

அட்ரீனல் சுரப்பி சுரக்கும் இந்த ஹார்மோன் இருபதுகளில் உச்சத்தில் இருக்கும், எழுபது எண்பது வயதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. குறைந்ததை நிரப்பிவிட்டால் வயதும் பின்னால் போகும் என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் கணக்கு. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இது உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் கடையில் கிடைக்கிறது. வேலை செய்கிறது என்று முன்கூட்டியே நிரூபிக்கத் தேவையில்லை. மகளைக் குறை சொல்ல மாட்டேன். மல்டிவைட்டமின் இருக்கிற அலமாரியிலேயே இதுவும் இருந்திருக்கும், அப்பா நினைப்பு வந்து எடுத்திருப்பார்.

சாருக்கு ஆகாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. டிஹெச்இஏ உடம்புக்குள் போய் ஒரு பகுதி டெஸ்டோஸ்டிரோனாக மாறும். அந்த டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வீரியமான வடிவமாக மாறிப் புராஸ்டேட்டை வளர்க்காமல் தடுப்பதுதான் டுடாஸ்டிரைடின் வேலை. “ஒரு கையால குழாயை மூடிக்கிட்டு இன்னொரு கையால திறக்கிற மாதிரி சார்” என்றேன். கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்: “ஆனா இந்த மூணு மாசமா தெப்பக்குளத்தை ரெண்டு சுத்து வர்றேன்மா. முன்னாடி ஒரு சுத்துக்கே படியில உட்கார்ந்துடுவேன்.”

இதற்கு என்ன சொல்வது?

சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. அமெரிக்காவில் உள்ள மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 87 முதிய ஆண்கள், 57 முதிய பெண்கள், இரண்டு வருடம். ஆண்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு டிஹெச்இஏ, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பெண்களுக்கு டிஹெச்இஏ அல்லது வெறும் மாத்திரை. ரத்தத்தில் ஹார்மோன் ஏறியது. தசை வலுவும் நடமாட்டமும் வாழ்க்கைத் தரமும் சொல்லும்படி ஏறவில்லை. சாரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். “அப்போ நான் நடக்கிறது பொய்யா?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. பொய்யில்லை சார், அது உங்கள் கால்தான் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி.

அந்தக் கேள்வி லேசானதில்லை. அந்தப் பெண்ணைப் போலக் கருமுட்டை குறைவாக உள்ளவர்கள் கருத்தரிக்க டிஹெச்இஏ பலன் தருமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. சிலர் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதில்லை. அப்படியானால் ஆதாரம் இல்லை என்று சாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆதாரம் உறுதியில்லாத இடத்தில் நானே எடுத்துக் கொடுக்கிறேன். வித்தியாசம் சீட்டு மட்டும்தானா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை பார்க்கவும், முகத்தில் பருவோ ரோமமோ வந்தால் நிறுத்தச் சொல்லவும் ஒரு டாக்டர் இருக்கிறார். எத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. சாருடைய டப்பாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. இது நல்ல காரணம். ஆனால் கவுண்டரில் நின்றபோது இதைச் சொல்லவில்லை, சீட்டைத்தான் காட்டினேன். சொல்லியிருந்தாலும் ஒரு பக்கம் நம்பிக்கையை விற்றுக்கொண்டு இன்னொரு பக்கம் பிடுங்குகிறேன் என்ற எண்ணம் போயிருக்குமா, தெரியவில்லை.

யூராலஜி டாக்டரிடம் டப்பாவோடு போகச் சொன்னேன். போனார். உடனே நிறுத்தச் சொல்லி, புராஸ்டேட்டில் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் எழுதினாராம். டுடாஸ்டிரைடு எடுப்பவர்களுக்கு அந்த அளவு பாதியாகக் குறைத்துக் காட்டும், அதையும் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நல்லவேளை, கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

ஆனால் சார் இப்போது ஒரு சுற்றுதான் வருகிறார். “டப்பா முடிஞ்சது, காலும் முடிஞ்சதும்மா” என்றார் போன தடவை. மருந்தின் வேலை இல்லை என்று எனக்குத் தெரிந்த அந்த இரண்டாவது சுற்று, மருந்தோடு சேர்ந்து போய்விட்டது. அந்த டப்பா இருந்ததால்தான் காலையில் செருப்பை மாட்டியிருக்கிறார். நம்பிக்கைக்காக புராஸ்டேட்டைப் பணயம் வைக்க முடியாது, அது நிச்சயம். அதற்காக அந்த நடையை ஒன்றுமில்லை என்று தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை.

வயதானவர்களுக்குத் தசை வலுவைக் கூட்டுவது எடை தூக்கும் பயிற்சிதான், அதற்கு ஆதாரம் ஏராளம். பக்கத்துத் தெரு பிசியோதெரபிஸ்ட்டின் நம்பரை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சார் இன்னும் போகவில்லை. மகள் நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் சொன்னால் ஒருவேளை கேட்பார்.