சென்ட்ரல் அவென்யூ, 30-ஆம் நம்பர் ஸ்டேஷன்

அப்பா ஃபயர் சர்வீஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன். லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டிஸ்னிலாந்து, ஹாலிவுட், கடற்கரை எல்லாம் காட்டியாகிவிட்டது. எங்கே போனாலும் "ம், நல்லாருக்கும்மா" என்பதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்ட்ரல் அவென்யூவுக்கு வண்டியை விட்டேன்.

1401, தெற்கு சென்ட்ரல் அவென்யூ. தெருவுக்கு அந்தப் பக்கம் கோகோ கோலாவின் பழைய ஆலை, வட்ட ஜன்னல்களோடு அச்சு அசல் கப்பல் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். கேமராவோடு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் திரும்புகிறார்கள். இந்தப் பக்கம் 1913-இல் கட்டிய ஃபயர் ஸ்டேஷன். கறுப்பினத் தீயணைப்பு வீரர்களுக்கான மியூசியமாக 1997 டிசம்பரில் இதைத் திறந்தார்கள்.

உள்ளே போனதும் அப்பா பழைய வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்றுவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, சக்கரம், ஏணி, ஹோஸ் மாட்டுகிற வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுற்றிக் காட்டியவர் வயதான ரிட்டயர்டு ஃபயர்மேன். "மணி அடிச்சா எத்தனை செகண்டுல வண்டி வெளிய போகும்னு கேளும்மா" என்றார் அப்பா. கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல், உங்கள் ஸ்டேஷனில் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். "பகல்ல முப்பது செகண்டு. ராத்திரிக் கணக்கக் கேக்காதீங்க." மொழிபெயர்த்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில், அப்புறம் எனக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை.

வேகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபயர் ஸ்டேஷன் என்றால் மாடியிலிருந்து கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்குவார்களே, அந்த வித்தை பிறந்ததே ஒரு கறுப்பின ஸ்டேஷனில்தான். 1878-இல், சிகாகோவின் 21-ஆம் எஞ்சின் கம்பெனி (கம்பெனி என்றால் இங்கே தீயணைப்புக் குழு). வைக்கோல் பரணில் இருந்த ஒருவர் மணி அடித்ததும் அங்கிருந்த கம்பைப் பிடித்துச் சரேலென்று இறங்கினாராம். அதைப் பார்த்த கேப்டன் டேவிட் கென்யன், நல்ல பைன் மரத்தை இழைத்து நிரந்தரமாகவே ஒன்றை நட்டுவிட்டார். முதலில் ஊரே கேலி செய்தது. இவர்கள் மற்றவர்களுக்கு முன்பே தீப்பிடித்த இடத்தில் போய் நிற்க ஆரம்பித்ததும் எல்லா ஸ்டேஷனுக்கும் கம்பம் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் கதைக்கு வருகிறேன். இந்த ஊரின் முதல் கறுப்பினத் தீயணைப்பாளர் சாம் ஹாஸ்கின்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1895-இல் தீயணைக்கப் போகும் வழியில், ஓடுகிற நீராவித் தீயணைப்பு வண்டியில் சிக்கி இறந்துபோனார். அடுத்து ஜார்ஜ் பிரைட், 1897-இல் சேர்ந்தவர். 1902-இல் அவரை லெஃப்டினன்ட் ஆக்க வேண்டி வந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு சிக்கல். வெள்ளைக்காரர்கள் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருக்குமே! துறையிலிருந்த கறுப்பினத்தவரை எல்லாம் திரட்டித் தனிக் கம்பெனி ஆக்கி, அதற்கு அவரை அதிகாரி ஆக்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பதவி கொடுத்ததற்காக எல்லோரையும் ஒதுக்கி வைத்த புத்திசாலித்தனம்.

1924-இல் அந்த ஒதுக்கல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. 1936-இல் இதே தெருவில் 14-ஆம் நம்பர் ஸ்டேஷனும் சேர்ந்துகொண்டது. நகரம் முழுக்கக் கறுப்பினத்தவருக்கு இந்த இரண்டே இரண்டுதான். இதன் கணக்கு அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்போ மேல இருக்கவன் ரிட்டயர் ஆனாத்தான், இல்ல செத்தாத்தான் கீழ இருக்கவனுக்கு புரமோஷன்." அதேதான். பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினாலும் உட்கார நாற்காலி காலியாக வேண்டும்.

ஆனால் அந்தத் தெருவில் ஃபயர்மேன் யூனிஃபார்ம் என்றால் தனி மரியாதை. வீடு விற்கும் பத்திரத்திலேயே கறுப்பினத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதிவைத்த காலம். அவர்கள் சென்ட்ரல் அவென்யூவைச் சுற்றித்தான் குடியிருக்க முடிந்தது. ஜாஸ் இசைக்காரர்கள் தங்கிய டன்பார் ஹோட்டலும் இதே தெருதான். மாடியில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களில் அந்த மனிதர்கள் பித்தான் பளபளக்க நிமிர்ந்து நிற்கிறார்கள். 'அந்தக் காலம் பொற்காலம்' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் அந்தப் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

1955, 56-இல் இந்த ஒதுக்கலை எடுத்தார்கள். அப்போதைய தலைமை அதிகாரி கடைசிவரை எதிர்த்துப் பார்த்தார். வெள்ளையர் ஸ்டேஷன்களுக்கு மாற்றலாகிப் போனவர்களுக்குத்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. ஆர்னெட் ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்பவர் இதையெல்லாம் பதிவு செய்தார். 1940-இல் வேலையில் சேர்ந்து, சட்டம் படித்து வக்கீலும் ஆனவர். 2014-இல், 96 வயதில் காலமானார். அப்படி மாற்றலாகி வந்தவர்களுக்குச் சமையலறையில் இடமில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டில் பங்கில்லை. சட்டி, தட்டு எல்லாம் வீட்டிலிருந்து சுமந்து வந்து, மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். 1954-இல் இவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு ஸ்டென்டோரியன்ஸ் என்று பெயர். கிரேக்கக் கதையில் வரும், உரத்த குரல்காரன் ஒருவனின் பெயரிலிருந்து எடுத்தது.

நெருப்புக்குள் ஒரே ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் போகிற வேலை இது. திரும்பி வந்தால் தட்டு தனி. பெரியவர் இதைச் சொன்னபோது அப்பாவுக்கு நான் பாதிதான் மொழிபெயர்த்தேன். மீதியை அவராகவே புரிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் டிராஃபிக். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஸ்டேஷன்லயும் ஒருத்தன் இருந்தாம்மா. நல்ல வேலைக்காரன், கிணத்துல ஆள் விழுந்தா அவன்தான் முதல்ல கயித்தைக் கட்டிட்டு இறங்குவான். எல்லாருக்கும் மெஸ்ஸுல சாப்பாடு. அவன் மட்டும் வீட்டுலருந்து டப்பா கொண்டாந்து வண்டிக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிடுவான்" என்றார்.

"ஏன்னு கேட்டீங்களாப்பா?"

"கேக்கல" என்றார்.